யூனிஸ் டீச்சர் இல்லையென்று சொன்ன முகம்

சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பின்தெருவில் யூனிஸ் டீச்சர் ஒரு தடவை இல்லையென்று சொல்லிவிட்டால் அது இல்லைதான். கீரைக்காரி, காலையில் பறித்தது என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாலும், டீச்சர் ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்து இல்லையென்றால் கட்டைத் திரும்பக் கூடையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். சபைக் கமிட்டிக் கூட்டத்தில் பாஸ்டர்கூட ஒரு விஷயத்தை ஆரம்பிக்கும் முன்னால் டீச்சர் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். அவள் பெற்ற ஒரே பிள்ளை டைட்டஸ், நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பெண் ஹரிதாவைத் திருமலையில் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோதும், வாசலை அடைத்துக்கொண்டு அதே சொல்லைத்தான் சொன்னாள். அப்புறம் பிள்ளை குவைத்துக்குப் போனான். மருமகள் திருப்பதியில் தன் அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். தரணி என்று ஒரு பேத்தி பிறந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. டீச்சரின் இல்லை மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை.

இப்படிப்பட்டவளோடு காலமெல்லாம் குரல் உயர்த்தாமல் குடித்தனம் பண்ணியவர் சுந்தர்ராஜ். ஆர்டிசி என்கிற ஆந்திர சர்க்கார் பஸ்ஸில் டிரைவர். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவு பழக்கம். ரிடையர் ஆன கொஞ்ச வருஷத்தில் ஞாபகம் போக ஆரம்பித்தது. காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்பார். விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "வண்டி எந்த பிளாட்பாரம், யூனிசு?" என்று கேட்பார். ஆனால் தலைமுடி மட்டும் போகவில்லை. அந்த வயதில் அவ்வளவு அடர்த்தியாக, வெள்ளைவெளேரென்று சுருண்டு கிடக்கும். மறதி வந்த பிறகு அதை வாரிவிடுவது யூனிஸின் வேலையாயிற்று. தினமும் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தேங்காயெண்ணெய் தடவி, இடது பக்கம் வகிடெடுத்து, ஒரு முடி பிசகாமல் வாருவாள். கொஞ்சிப் பேசத் தெரியாதவளுக்கு அதுதான் கொஞ்சல்.

கேட்டைத் திறந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவரை எத்தனை நாள் பிடித்துக்கொண்டு நிற்பது? அவரோடு ஓடிய கண்டக்டர் தாமோதரன்தான் வழி சொன்னார்.

"வுடுங்க டீச்சர். என் வண்டியில முன்சீட்டுல உக்கார வெச்சுக்கிறேன். திருப்பதி போயி, அதே வண்டியில திரும்பி வந்துகினே இருப்பாரு. அண்ணனுக்கும் மனசு ஆறும், உங்களுக்கும் ஒரு நாள் பொழுது போவும்."

யூனிஸ் ஆமாம் என்றாள். அவள் வாயிலிருந்து ஆமாம் வருவது அபூர்வம். அதனால் தாமோதரன் அந்த உத்தரவை உயிரைப்போலக் காத்தார். வண்டிக்குள் ஏறியதும் சுந்தர்ராஜ் முகம் தெளிந்துவிடும். வளைவு வந்தால் தோளைச் சாய்ப்பார், காலை பிரேக்கில் வைப்பதுபோல அழுத்துவார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

புரட்டாசி மாசத்துக் கூட்டத்தில் ஒரு நாள், திருப்பதி பஸ் ஸ்டாண்டில், தாமோதரன் இறங்கி டைம் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் முன்சீட் காலியாக இருந்தது.

தாமோதரன் அழுதுகொண்டே போன் பண்ணினார். யூனிஸ் அழவில்லை. நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு சித்தூர் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே புகாரை வாங்கிக்கொண்டார்கள்; ஆனால் ஆள் காணாமல் போனது திருப்பதியில், அது இப்போது தனி ஜில்லா, எஸ்.பி. வேறு, கேமராவெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்றார்கள். அன்று மாலை குவைத்திலிருந்து டைட்டஸ் பேசினான்.

"அம்மா, ஹரிதா அந்த கேமரா ரூம்லதான் வேலை செய்யறா. காண்ட்ராக்ட் வேலை. நீ நேரா அவகிட்ட போ. நைனாவுக்காகம்மா."

அவனுக்குக்கூட அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. நைனாவுக்காக என்று அவன் சொல்லியிருக்காவிட்டாலும் அவள் போயிருப்பாள். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கேமரா ரூம் என்பது சுவரெல்லாம் திரையாக இருந்த ஒரு குளிர்ந்த ஹால். பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், கடைவீதி, அலிபிரி என்று திருப்பதி முழுக்கச் சத்தமில்லாமல் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. திரைகளுக்கு முன்னால் வரிசையாகப் பெண்கள். அதில் ஒருத்தி எழுந்து ஓடிவந்தாள்.

"வாங்க அத்தை."

"போட்டோ கொண்டாந்திருக்கேன்," என்றாள் யூனிஸ். அத்தனை வருஷத்தில் மருமகளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அந்த ரூமுக்குப் பொறுப்பு எஸ்.ஐ. சுரேஷ்பாபு. பொறுமையான மனுஷன். தெலுங்கும் தமிழுமாக அவளுக்கு விளக்கிச் சொன்னார். போட்டோவை மெஷினில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் எந்தக் கேமராவுக்குக் கீழே யார் நடந்தாலும் மெஷின் அந்த முகத்தை இந்த முகத்தோடு ஒத்துப் பார்க்கும். சாடை இருந்தால் மணி அடிக்கும். உடனே வீட்டு மனுஷரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஆமாம் என்றால் பச்சைப் பொத்தான். அந்த நிமிஷமே ஜீப் போகும். இல்லையென்றால் சிவப்புப் பொத்தான். அதற்கப்புறம் அந்த முகம் எத்தனை தடவை எதிரே வந்தாலும் மெஷின் மணி அடிக்காது.

"இல்லேன்னா புரட்டாசி மாசத்துல எங்களுக்கு வேலையே நடக்காதும்மா. ஒரே ஆளைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கினே இருக்கும். அதனால பாத்து, நிதானமா சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் கடைசி."

டீச்சருக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. சொன்ன சொல்லை மீறாத மெஷின்.

திருப்பதியிலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் வந்து அந்த ஹாலில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும். ஹரிதா திரும்பிப் பார்ப்பாள். திரையில் ஒரு தேங்காய் வியாபாரி. இல்லை. ஓசூர் பக்கத்து விவசாயி ஒருவர், கண் மட்டும் சுந்தர்ராஜ் ஜாடை. இல்லை. அவள் சொன்ன இல்லையெல்லாம் சரியான இல்லை. சாயந்திரங்களில் பஸ் ஸ்டாண்ட் தூண்களில் நோட்டீஸ் ஒட்டினாள். படத்துக்குக் கீழே, நரைத்த சுருட்டை முடி, இடது வகிடு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாள். ஊரே மொட்டைத் தலையாக நடந்துகொண்டிருந்த மாசத்தில், அந்த நோட்டீஸைப் படித்தவர்கள் முடியைத்தான் தேடினார்கள்.

மறுபடி மணி அடித்தபோது அவள் பையிலிருந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

திரையில் அலிபிரி. திருமலைக்குப் படி ஆரம்பிக்கிற இடம். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவர். மழுமழுவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம். நெற்றி நிறைய நாமம். சட்டையில்லாத உடம்பில் யாரோ போட்டுவிட்ட மஞ்சள் துண்டு. அவருக்கு எதிரில் ஒரு குடும்பம், அவர்களோடு புதிதாக மொட்டையடித்த ஒரு குழந்தை. கிழவர் அந்தக் குழந்தையிடம் போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்து, தன் தலையைக் குழந்தையின் முகத்துக்கு நேராகக் காட்டினார். குழந்தை சிரித்துக்கொண்டு சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தது. பெற்றவள் குழந்தையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். கிழவர் அடுத்த குழந்தையைத் தேடிப் போனார்.

ஹரிதா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

"அத்தை, மாமா. இது மாமாதான்."

யூனிஸ் பார்த்தாள். அந்த மனுஷர் திரும்பும்போது வலது தோள் கொஞ்சம் இறங்கியது. வளைவுக்கு வளைவு வண்டியைத் திருப்பிப் பழகிய தோள் அப்படித்தான் இறங்கும். அதை மறைப்பானேன், அவளுக்கு அது தெரிந்தது உண்மை. ஆனால் காணாமல் போன அன்று காலையில்கூட அந்தத் தலையை வாரிவிட்டது அவள் கை. தாத்தா காலத்திலிருந்து சபையில் பெயர் உள்ள குடும்பம். அரை நினைவிலும் சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடி ஜெபிக்கிற மனுஷர். நாமம் போட்ட இந்தப் படத்தைக் காட்டி, இவர்தான் யூனிஸ் டீச்சர் வீட்டுக்காரர் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? டைட்டஸை வாசலில் நிறுத்தியதற்கு அப்புறம் அர்த்தம் என்ன? தெரிந்ததை அவள் உள்ளேயே அமுக்கிவிட்டாள்.

"இல்லை," என்றாள்.

"அத்தை, நல்லா பாருங்க. அந்த நடை பாருங்க."

"எங்க வீட்டு மனுஷர் மொட்டை போட்டுக்க மாட்டாரு. உங்க ஜனத்துக்கு எதைப் பாத்தாலும் மொட்டையும் நாமமுமா தெரியும்."

ஹரிதாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சத்தம் கேட்டு சுரேஷ்பாபு வந்துவிட்டார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்ம்மா ஹரிதா, நீ அவருக்கு என்ன வேணும்?"

ஹரிதா மாமியாரைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவள் யூனிஸ். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"தெரிஞ்ச பொண்ணு சார்," என்றாள் யூனிஸ்.

"அம்மா, சூடண்டி, பாருங்க, மெஷின் நல்ல சாடைன்னு சொல்லுது. நான் வேணா ஒரு ஜீப்..."

"நான் அவருக்குப் பொஞ்சாதி சார். எனக்குத் தெரியாதா? இது அவரு இல்லை."

பொஞ்சாதி சொல்லும்போது எஸ்.ஐ. என்ன செய்வார்? ஹரிதாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஹரிதாவின் கை மவுஸின் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

அதற்குப் பிறகு மணி அடிக்கவேயில்லை.

சொந்தக்காரர் வீட்டில் எத்தனை நாள் இருப்பது என்று யூனிஸ் சித்தூருக்குத் திரும்பினாள். உபவாச ஜெபம் இருந்தாள். சபையில் எல்லோரும் அவருக்காக முழங்காலில் நின்றார்கள். டீச்சர் வீட்டில் சாயந்திரமானால் ஆள் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் போன பிறகு, காலியான நாற்காலியையும் ஜன்னலில் இருந்த சீப்பையும் பார்க்கக்கூடாது என்று அவள் போனை எடுப்பாள்.

"மணி அடிச்சுதா?"

"இல்ல அத்தை."

முதல் நாள் அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். போகப்போக, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கூடியது. ஒரு நாள் போனை வைக்கும்முன் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது. அது யார் என்று யூனிஸ் கேட்கவில்லை. ஆனால் வைக்கவும் இல்லை, அந்தக் குரல் அடங்குகிறவரை காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஊரெல்லாம் அவளுடைய இல்லைக்குப் பயந்தது போக, இப்போது அவள் தினமும் ஒரு இல்லைக்குப் பயந்தாள்.

ஹரிதா அவளிடம் சொல்லாமல், வேலை முடிந்ததும் அலிபிரிக்குப் போய்த் தேடினாள். மொட்டைத்தலைக் கடலில் எந்தத் தலையைப் பிடிப்பது? டீ கடைகளில் விசாரித்தாள், சோறு போடுகிற இடங்களில் நின்று பார்த்தாள். இன்று இங்கே இருந்தார் என்பார்கள், போனால் இருக்கமாட்டார். மணி அடித்திருந்தால் அவர் நிற்கிற இடம் தெரிந்திருக்கும். நாளாக ஆக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அத்தை சொன்னதுதான் சரியோ என்று நினைத்தாள்.

புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. திருப்பதியிலும் மழை, சித்தூரிலும் மழை. நனையாத இடமாக அவர் படுத்திருக்க வேண்டுமே என்று யூனிஸ் ராவும் பகலும் ஜெபித்தாள்.

ஒரு நாள் மத்தியானம் கேட் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஹரிதா. குடை இல்லை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எந்த வாசலில் அன்று நிறுத்தப்பட்டாளோ அதே இடத்தில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். அவள் நின்ற மாதிரியிலேயே யூனிஸுக்குப் புரிந்துவிட்டது.

"உள்ள வா," என்றாள் யூனிஸ்.

ஹரிதா தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்ட் காம்பவுண்ட் சுவரோரம், கடும் காய்ச்சலில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். பெயர் தெரியாத பெரியவர். ரூல்படி சில நாள் பிணவறையில் வைத்துப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. அனாதைப் பிணங்களைப் புண்ணியமாக எடுத்துப் போடுகிற சிலர் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டு போய், நெற்றியில் யாரோ போட்டுவிட்ட நாமம் இருந்ததால் துளசித் தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு எரித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான், ஸ்டேஷன்காரர்கள் அனுப்புகிற போட்டோக்களில் அந்த முகம் ஹரிதாவின் கண்ணில் பட்டது.

"முடி வளந்துட்டிருந்துச்சு அத்தை. வெள்ளையா, கொஞ்சம் சுருண்டு. அதைப் பாத்ததும் சந்தேகமே இல்ல."

யூனிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். மிஷன் கல்லறையில் அவருக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் என்று எப்போதோ பேசிவைத்தது. அந்த இடத்தில் வைக்க இப்போது எதுவும் இல்லை.

"அப்ப அன்னிக்குப் பாத்தது..."

"மாமாதான் அத்தை."

"ஏன் மொட்டை போட்டுக்கினாரு?" என்று கேட்டாள் யூனிஸ். "என்னை வுட்டுட்டு, சபையை வுட்டுட்டு, ஏன்?"

ஹரிதா ஈரப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாமிக்காக இல்ல அத்தை. தரணிக்காக."

போன வருஷம் அதே அலிபிரியில் தரணிக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். ஹரிதாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. தாமோதரன் மூலமாக விஷயம் தெரிந்து சுந்தர்ராஜ் தன் வழக்கமான பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அப்போதே மறதி ஆரம்பித்திருந்தது. ஆனால் அன்று முழுக்கத் தெளிவாக இருந்தார். என் மடியில் வையுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார். கத்தியைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டு அழுதது. எதற்கும் அடங்கவில்லை. அழாதே கண்ணு, தாத்தாவும் உன்கூட மொட்டை போட்டுக்கிறேன் பார் என்று சொல்லி, தலையைக் குனிந்து நாவிதருக்குக் காட்டினார். நாவிதர் தண்ணீர்கூடத் தடவிவிட்டார். ஹரிதாதான் பதறிப்போய்த் தடுத்தாள்.

"அத்தைக்குத் தெரிஞ்சா உங்களையும் வாசல்ல நிறுத்திருவாங்க மாமான்னேன். சிரிச்சாரு. அடுத்த வாட்டி கட்டாயம் போட்டுக்கிறேன்னு தரணிகிட்ட சொன்னாரு. அவ விடுவாளா? அவரு தாமோதரன் போன்லேர்ந்து எப்ப கூப்பிட்டாலும், தாத்தா மொட்டை போட்டியா, மொட்டை போட்டியான்னுதான் கேப்பா. எல்லாத்தையும் மறந்தாரு. அது ஒண்ணு மட்டும் மறக்கலபோல."

யூனிஸுக்கு அலிபிரிப் படம் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு மொட்டைக் குழந்தையாகத் தேடிப் போய், குனிந்து, தலையைக் காட்டிய கிழவர். அவர் தரணியைத் தேடிக்கொண்டிருந்தார். இதோ பார், தாத்தா போட்டுக்கொண்டேன் என்று காட்ட.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லல நீ?"

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மாமாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன் அத்தை." ஹரிதா தரையைப் பார்த்தாள். "அதையும் மீறிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க தெரிஞ்ச பொண்ணுன்னுட்டீங்க."

கன்னத்தில் அடித்திருந்தால்கூட யூனிஸ் தாங்கியிருப்பாள். இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். மருமகள் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடவில்லை. யூனிஸ்தான் கையை நீட்டி அவள் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கேஸை முடிப்பதற்கு ஒரு தடவை வந்துபோக வேண்டும் என்று சுரேஷ்பாபு சொல்லியனுப்பினார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். தாமோதரன் முன்சீட்டை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருந்தார். அதில் யூனிஸ் உட்காரவும் இல்லை.

கேமரா ரூமில் அதே குளிர், அதே திரைகள். சுரேஷ்பாபு எழுந்து நின்று நாற்காலி போட்டார். அவர் முகத்தில் குற்றம் சொல்கிற சாயல் கொஞ்சமும் இல்லை. அதுவே யூனிஸுக்குத் தாங்கவில்லை.

"பழைய பதிலை மாத்தணும்மா. அந்த அலிபிரிப் படம், நீங்க இல்லேன்னது, அதுக்கு இப்ப ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா கேஸ் முடிஞ்சிரும். வீட்டு ஆளு இன்னொருத்தர் சாட்சி வேணும். யாராவது வந்திருக்காங்களா?"

"வந்திருக்கா," என்றாள் யூனிஸ். "இவ என் மருமக சார். அவருக்கு மருமக."

சுரேஷ்பாபு ஹரிதாவை ஒரு தடவை பார்த்தார். பழைய படத்தைத் திரையில் கொண்டுவரச் சொன்னார். மொட்டையும் நாமமும் மஞ்சள் துண்டுமாக அவர் வந்து நின்றார்.

"இவர்தானாம்மா?"

"ஆமா."

ஹரிதா பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

மணி அடித்தது. ஒரு தடவை அடித்து நிற்கும் என்று நினைத்தார்கள், நிற்கவில்லை. மறுபடி அடித்தது, அதன் தலைமேல் இன்னொன்று. அவள் இல்லையென்று சொன்ன நாளிலிருந்து, அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மெஷின் வாயை மூடிக்கொண்டு உள்ளே வைத்திருந்ததையெல்லாம் இப்போது கொட்ட ஆரம்பித்தது. திரை முழுக்க அவர். அலிபிரியில் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார். கடைவீதியில் பலூன்காரனுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு குழந்தைக்குக் குனிந்து தலையைக் காட்டுகிறார். பஸ் ஸ்டாண்டில் யூனிஸ் ஒட்டிய நோட்டீஸுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறார், தலைக்கு மேலே வகிடெடுத்த தன் படத்தோடு. ஹாலில் இருந்த பெண்களெல்லாம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சத்தத்தை நிறுத்தும்மா என்று சுரேஷ்பாபு சொன்னார். வேண்டாம் என்று யூனிஸ் கையைக் காட்டினாள்.

படம் மாற மாற மொட்டையில் வெள்ளை படிந்தது. அப்புறம் முள்முள்ளாக முடி. சந்தனம் போயிற்று, துண்டு கிழிந்தது, கன்னம் ஒட்டிற்று. ஒரு படத்தில் அவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தரணி பார்ப்பதற்குள் முடி வளர்ந்துவிட்டதே என்கிற கவலை அந்தக் கையில் தெரிந்தது. கடைசிப் படம் பஸ் ஸ்டாண்ட், மழை. சித்தூர் பஸ் நிற்கிற பிளாட்பாரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கு முன்னால் வண்டி நிற்கிறது. ஏறவேண்டும் என்று தெரியவில்லை. வளர ஆரம்பித்த முடி நனைந்து நெற்றி ஓரத்தில் சுருண்டு ஒட்டியிருந்தது. வார ஆளில்லாமல்.

யூனிஸ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இடது பக்கம், வகிடெடுக்கிற இடத்தில், விரலால் கண்ணாடியைத் தடவினாள்.

"ஆமா," என்றாள். "இவருதான்."

ஹரிதா முதல் படத்திலிருந்து மறுபடி போட்டாள். யூனிஸ் அதற்கும் ஆமா என்றாள். அடுத்ததற்கும், அதற்கடுத்ததற்கும்.

"அம்மா, ஒரு தடவை சொன்னா போதும்மா," என்றார் சுரேஷ்பாபு.

அவள் காதில் விழவில்லை. படம் வர வர ஆமா சொல்லிக்கொண்டே இருந்தாள். எஸ்.ஐ. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாப் படமும் முடிகிறவரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.